இயந்திரத்துக்குப் போடும் தாழ்ப்பாள்

வாசல் மணியின் பொத்தானை அழுத்துகிறீர்கள், மணி ஒலிக்கிறது. விரலை எடுக்கிறீர்கள், மணி நின்றுவிடுகிறது. இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இப்போது கிணற்றடிக்குப் போவோம். பம்புசெட் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை ஒரு நொடி அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடுகிறோம். ஆனால் மோட்டார் நிற்பதில்லை. வயல் நனையும் வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கிறது. விரல் விலகிப் போன பிறகும், அந்த விரல் சொன்ன ஆணையை யாரோ நினைவில் வைத்திருக்கிறார்கள் அல்லவா? யார் அது?

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ‘நோ-வோல்ட் காயில்’ என்பார்கள். அதில் மின்னோட்டம் பாய்ந்தால் அது மின்காந்தமாகி, எதிரே உள்ள இரும்புத் துண்டை இழுக்கும். அந்த இரும்போடு சேர்ந்து மூன்று பெரிய தொடுமுனைகள் மூடிக்கொள்ளும். மும்முனை மின்சாரம் மோட்டாருக்குப் போகும். இவற்றோடு நான்காவதாக ஒரு சிறிய தொடுமுனையும் மூடிக்கொள்கிறது. சூட்சுமம் எல்லாம் இந்தச் சிறியதில்தான் இருக்கிறது. அது பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாக அமைந்துள்ளது. பச்சைப் பொத்தான் வழியே சுருளுக்கு மின்னோட்டம் போனதும் சுருள் இழுக்கிறது; சிறிய தொடுமுனை மூடுகிறது; இனி பச்சைப் பொத்தான் விடுபட்டாலும் அந்தச் சிறிய வழியாகவே சுருளுக்கு மின்னோட்டம் கிடைத்துவிடுகிறது. அதாவது, சுருள் தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது!

சிவப்புப் பொத்தானின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. தொடாமல் விட்டால் அது இணைந்தே இருக்கும், அழுத்தினால்தான் பிரியும். சுருளுக்குப் போகும் பாதையில் அது தொடரிணைப்பாக உள்ளது. அதை அழுத்தியதும் சுருளின் மின்னோட்டம் அறுபடுகிறது, காந்தம் போய்விடுகிறது, எல்லாத் தொடுமுனைகளும் விழுந்துவிடுகின்றன.

(பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை உங்களுக்கு வரக்கூடும். வேண்டாம். உள்ளே 415 வோல்ட் இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்க வேறு வழி பிறகு சொல்கிறேன்.)

இந்த அமைப்பில் இன்னொரு நற்குணம் உண்டு. மின்சாரம் போனால் சுருள் விட்டுவிடும். மீண்டும் மின்சாரம் வந்தால்? பச்சைப் பொத்தானும் திறந்திருக்கிறது, சிறிய தொடுமுனையும் திறந்திருக்கிறது. ஆகவே மோட்டார் தானாக ஓடாது. மின்வெட்டின்போது ஒருவர் கிணற்றில் இறங்கி, அடைத்துக்கொண்ட ஃபுட்வால்வைச் சுத்தம் செய்துகொண்டிருக்கலாம். இன்னொருவர் மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கலாம். மின்சாரம் வந்த அந்தக் கணத்தில் இயந்திரம் தானாகக் கிளம்பாதிருப்பது உயிர் காக்கும் விஷயம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசப்போகும் பொருளின் மையமே இதுதான்.

தாழ்ப்பாள் உள்ள ரிலே

நம் சுருள், கதவைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் போன்றது. கை ஓய்ந்தால் கதவு திறந்துவிடும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் யாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லையே! அப்படிப்பட்ட ரிலேக்களும் உண்டு. அவற்றில் இரண்டு சுருள்கள். முதல் சுருளுக்கு ஒரு கணம் மின்சாரம் கொடுத்தால் இரும்பு இழுக்கப்பட்டு ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. பிறகு மின்சாரமே தேவையில்லை. இரண்டாவது சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் கொக்கி விலகி இரும்பு பழைய இடத்துக்குத் திரும்பும். முதல் சுருள் தாழிடுகிறது. இரண்டாவது தாழ் நீக்குகிறது. ஊரெல்லாம் மின்சாரம் போய் மறுநாள் வந்தாலும் இந்த ரிலே தான் இருந்த நிலையிலேயே இருக்கும்.

முன்பு பெரிய தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கான ரிலேக்களைச் சுவர் சுவராக மாட்டி, ஆயிரக்கணக்கான கம்பிகளால் இணைத்து இயந்திரங்களை இயக்கினார்கள். அமெரிக்காவில் கார்களின் வடிவம் அடிக்கடி மாறும். வடிவம் மாறினால் இயந்திரங்கள் செய்ய வேண்டிய வேலையும் மாறும். கம்பிகளையெல்லாம் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டும். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, இந்த ரிலே பலகைகளுக்குப் பதிலாக நகரும் பாகங்கள் இல்லாத மின்னணுக் கருவி ஒன்று வேண்டும் என்று கேட்டது. அதே ஆண்டில் ரிச்சர்ட் மார்லி என்ற பொறியாளரும் அவரது நண்பர்களும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்படியொரு கருவியை உருவாக்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு ‘084’ என்று பெயர். அவர்கள் நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதைத் தவிர அந்தப் பெயரில் வேறு பொருள் இல்லை! 1969இல் ‘மோடிகான் 084’ ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று பால் பண்ணை முதல் சிமெண்டு ஆலை வரை எங்கும் காணப்படும் பி.எல்.சி. என்னும் கருவியின் முன்னோடி அதுதான். நிரலால் இயங்கும் தருக்கக் கட்டுப்படுத்தி என்று அதைத் தமிழில் சொல்லலாம். தொழிற்சாலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பி.எல்.சி. என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

அதை உருவாக்கியவர்கள் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்கள். ஆலையின் எலக்ட்ரீஷியன்களுக்குக் கணிப்பொறி மொழி தெரியாது. ஆனால் ரிலே வரைபடம் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே அந்த வரைபடத்தையே கருவியின் மொழியாக்கிவிட்டார்கள். இடப்பக்கம் ஒரு நெடுங்கோடு, வலப்பக்கம் ஒரு நெடுங்கோடு, நடுவே படிகள். பார்ப்பதற்கு ஏணி போலவே இருக்கும். ஏணிப்படம் என்றே பெயரும் வந்தது. ஒவ்வொரு படியிலும் இடப்பக்கம் நிபந்தனைகள், வலப்பக்கம் செய்ய வேண்டிய வேலை.

பலகை எழுதும் மாணவன்

பி.எல்.சி.க்குள் உண்மையில் ரிலே எதுவும் ஏணியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அங்கே இருப்பது 1 அல்லது 0 என்று எழுதப்பட்ட பிட்டுகள்தாம். ஒரு வகுப்பறைக் கரும்பலகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் ‘பச்சை’, ‘சிவப்பு’, ‘மோட்டார்’ என்று மூன்று கட்டங்கள். ஒரு மாணவன் சாக்பீஸோடு நிற்கிறான். அவன் வேலை இதுதான்: முதலில் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, பொத்தான்களின் நிலையைப் பலகையில் எழுத வேண்டும். பிறகு ஏணியின் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை ஒவ்வொன்றாகப் படித்து, அது சொல்வதைப் பலகையில் எழுத வேண்டும். கடைசியாக, ‘மோட்டார்’ கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை வெளியே உள்ள மோட்டாருக்கு அறிவிக்க வேண்டும். மீண்டும் சன்னலுக்கு ஓட வேண்டும். இந்த ஒரு சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். பி.எல்.சி. இதைச் சில மில்லி நொடிகளில் முடித்துவிடும். நீங்கள் பச்சைப் பொத்தானைத் தொட்டு எடுப்பதற்குள் அது பல சுற்றுகள் ஓடியிருக்கும்.

சாதாரண வெளியீடு ஒன்றை ஏணியில் இப்படி எழுதுவார்கள்:

|——| பச்சை |——————( மோட்டார் )——|

பச்சை 1 என்றால் மோட்டார் கட்டத்தில் 1 எழுது. பச்சை 0 என்றால் 0 எழுது. இது நம் வாசல் மணியேதான். விரலை எடுத்த அடுத்த சுற்றிலேயே 0 ஆகிவிடும்.

இப்போது தாழிடும் வெளியீட்டுக்கு வருவோம்:

|——| பச்சை |——————( தா ) மோட்டார் ——|

|——|/ சிவப்பு |—————( நீ ) மோட்டார் ——|

‘தா’ என்றால் தாழிடு, ‘நீ’ என்றால் தாழ் நீக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆலன்-பிராட்லி நிறுவனத்தின் கருவிகளில் இவ்விடங்களில் ‘எல்’, ‘யு’ என்ற எழுத்துக்கள் இருக்கும். 1993இல் வெளிவந்த பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 61131-3, ‘எஸ்’, ‘ஆர்’ என்ற எழுத்துக்களைப் பயன்படுத்துகிறது. கருத்து ஒன்றுதான்.

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். முதல் படியில் பச்சை 1 என்றால் பலகையில் 1 எழுத வேண்டும். சரி. பச்சை 0 என்றால் என்ன எழுத வேண்டும்? ஒன்றும் எழுத வேண்டாம்! சாக்பீஸைத் தொடவே வேண்டாம், அடுத்த படிக்குப் போ. அதேபோல ‘நீ’ படியின் நிபந்தனை நிறைவேறினால் 0 எழுது. நிறைவேறாவிட்டால் சும்மா இரு. சாதாரண வெளியீடு ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். தாழிடுவதோ 1 மட்டும் எழுதத் தெரிந்தது, தாழ் நீக்குவது 0 மட்டும் எழுதத் தெரிந்தது. இருவரும் சும்மா இருக்கும்போது பலகையில் பழைய எழுத்தே நிற்கிறது. அந்த நிற்றல்தான் நினைவு.

இயற்பியல் படித்தவனுக்கு இது பழைய நண்பனைப் பார்ப்பது போல் இருக்கும். 1918இல் வில்லியம் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரு ஆங்கிலேய இயற்பியலாளர்கள், இரண்டு வால்வுகளை ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகும்படி இணைத்து, இரு நிலைகளில் ஒன்றில் நிலைத்து நிற்கும் சுற்றுக்குக் காப்புரிமை கோரினார்கள். ஃபிளிப்-ஃபிளாப் என்று பின்னர் பெயர் பெற்றது அது. நம் பம்புசெட் ஸ்டார்ட்டரும் அதே குடும்பம்தான்.

சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் சாய்கோடு ஏன்? சிவப்புப் பொத்தான் தொடாதபோது இணைந்திருக்கும் என்று பார்த்தோம். ஆகவே பலகையில் ‘சிவப்பு’ கட்டத்தில் எப்போதும் 1 இருக்கும். அழுத்தினால் 0 ஆகும். ‘சிவப்பு 0 ஆனால்’ என்பதைத்தான் அந்தச் சாய்கோடு குறிக்கிறது. இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போலத் தோன்றலாம். அழுத்தினால் 1 என்று வைத்துக்கொண்டால் எளிமையாயிற்றே? எளிமைதான். ஆனால் எலி ஒன்று சிவப்புப் பொத்தானின் கம்பியைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிய முறையில் அந்தக் கட்டம் என்றென்றும் 0. நீங்கள் எத்தனை முறை குத்தினாலும் மோட்டார் நிற்காது; கம்பி அறுந்ததே யாருக்கும் தெரியாது, ஆபத்து வரும் நாள் வரை. நம் முறையிலோ, கம்பி அறுந்த கணமே 0. மோட்டார் உடனே நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆள் பிழைப்பான்.

இரண்டு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும்? மேல்படி 1 எழுதும். கீழ்ப்படி அதை அழித்து 0 எழுதும். மோட்டாருக்குத் தகவல் போவது சுற்றின் முடிவில்தானே? ஆகவே மோட்டார் அந்த 1ஐப் பார்ப்பதே இல்லை. கடைசியில் எழுதியவன் வெல்கிறான். படிகளை மாற்றி எழுதினால் பச்சை வென்றுவிடும். நிறுத்தும் ஆணையைக் கீழே வைப்பது வழக்கம் ஆனதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வகத்தில் ஒரு பிற்பகல்

இதையெல்லாம் வகுப்பில் பலமுறை சொன்னவன்தான் நான். ஆனாலும் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். இறுதியாண்டு மாணவர்கள் நால்வர், புட்டிகளை நகர்த்திச் செல்லும் ஒரு சிறிய பெல்ட்டைச் செய்திருந்தார்கள். 24 வோல்ட் மோட்டார், பழைய பி.எல்.சி. ஒன்று. நிரலில் மேலே காட்டிய அதே இரண்டு படிகள். நான் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டிருந்தேன். பெல்ட் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போயிற்று. புட்டி ஒன்று உருளைக்கும் பெல்ட்டுக்கும் இடையில் சிக்கியிருந்ததைப் பார்த்த ஒரு மாணவர், இதுதான் சமயம் என்று விரலை விட்டு எடுக்கப் போனார். மின்சாரம் வந்தது. சில நொடிகளில் பி.எல்.சி. விழித்துக்கொண்டு தன் பலகையைப் பார்த்தது. ‘மோட்டார்’ கட்டத்தில் 1 அப்படியே இருந்தது. பெல்ட் கிளம்பிவிட்டது.

நகம் பெயர்ந்ததோடு போயிற்று. சிறிய மோட்டார் என்பதால் அவ்வளவுதான். ஆலையில் ஓடும் பெல்ட்டாக இருந்திருந்தால் விரலா, கையா என்று சொல்ல முடியாது. அந்த மாணவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது.

காரணம் உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். தாழிட்ட பிட்டு, கொக்கியுள்ள ரிலேயின் வாரிசு. சில தயாரிப்புகளில் தாழிட்ட பிட்டு, மின்சாரம் போனாலும் பேட்டரியின் உதவியாலோ வேறு வகையாலோ அழியாமல் நிற்கும். சாதாரண வெளியீடுகளைக் கருவி விழிக்கும்போதே 0 ஆக்கிவிடும், தாழிட்டதைத் தொடாது. வேறு சில தயாரிப்புகளில், எந்த நினைவுப் பகுதி அழியாதது என்று நாம் குறித்திருக்கிறோமோ அதைப் பொறுத்தது. ஒன்றில் பழகிய கையோடு மற்றொன்றில் எழுதினால் எதிர்பாராதது நடக்கும். கையேட்டைப் படித்தே தீர வேண்டிய இடம் இது. நான் படிக்காத பக்கமும் அதுவே.

மோட்டாரை ஓட்டுவதற்கு ஸ்டார்ட்டரைப் போன்ற, தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் படியே போதும்:

|——+—| பச்சை |———+——| சிவப்பு |——( மோட்டார் )——|
|——+—| மோட்டார் |—+

பச்சையோ, ஏற்கெனவே ஓடும் மோட்டாரோ, இரண்டில் ஒன்று 1 ஆக இருந்து, சிவப்பும் 1 ஆக இருந்தால் ஓடு. வெளியீடு சாதாரணமானது. மின்சாரம் போய் வந்தால் 0இலிருந்து தொடங்கும். கிணற்றடியில் பெரியவர்கள் பெற்றிருந்த பாதுகாப்பு திரும்பிவிட்டது. தாழிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கருவி விழித்தெழும் முதல் சுற்றில் மட்டும் 1 ஆக இருக்கும் ஒரு சிறப்புப் பிட்டு பல பி.எல்.சி.க்களில் உண்டு, அதை ‘நீ’ படியோடு பக்க இணைப்பாகச் சேர்த்து, எழுந்தவுடன் தாழ் நீங்கும்படி செய்யலாம். எதைச் செய்தாலும் அவசர நிறுத்தப் பொத்தானை நிரலை மட்டும் நம்பி விடக்கூடாது. அது மோட்டாரின் மின்பாதையை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். இயந்திரங்களின் மின்னமைப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 60204-1, அவசர நிறுத்தத்தை விடுவிப்பது மட்டுமே இயந்திரத்தைக் கிளப்பிவிடக் கூடாது என்றும் கூறுகிறது.

அப்படியானால் தாழ்ப்பாள் தேவையே இல்லையா? தேவை. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு தாங்கியின் வெப்பநிலை வரம்பைத் தாண்டி, அரை நொடியில் இறங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். சாதாரண விளக்கு அரை நொடி எரிந்து அணைந்திருக்கும். காவலாளி தேநீர் குடிக்கத் திரும்பியிருப்பார். தாழிட்ட அபாய விளக்கோ காலையில் பொறியாளர் வந்து, பார்த்து, பொத்தானை அழுத்தித் தாழ் நீக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். இடையில் மின்வெட்டு வந்தாலும் மறக்காது. இங்கே மறக்காமை நமக்கு நன்மை. கலவைத் தொட்டியில் எத்தனையாவது கட்டம் வரை வேலை முடிந்தது என்பதும் அப்படி நினைவில் நிற்க வேண்டியதே.

செய்து பாருங்கள்

6 வோல்ட் ரிலே ஒன்று (இரண்டு தொகுதித் தொடுமுனைகள் உள்ளது), நான்கு டார்ச் செல்கள், 6 வோல்ட் பல்பு ஒன்று, மணிப் பொத்தான் ஒன்று, தகர டப்பாவிலிருந்து வெட்டிய இரண்டு பட்டைகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கட்டும். ஒன்றைத் தூக்கினால் பிரியட்டும். அதுவே நம் சிவப்புப் பொத்தான். செல்லிலிருந்து தகரப் பட்டைகள், பிறகு மணிப் பொத்தான், பிறகு சுருள், மீண்டும் செல் என்று இணையுங்கள். ரிலேயின் ஒரு தொகுதியில் சுருள் இழுத்தால் மூடும் இரு முனைகளை மணிப் பொத்தானின் இரு முனைகளோடு சேருங்கள். மற்றத் தொகுதியின் வழியே பல்புக்கு மின்சாரம் கொடுங்கள். வீட்டு மின்சாரத்தை இதில் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்.

பொத்தானைத் தொட்டு எடுங்கள். பல்பு எரிந்துகொண்டே இருக்கும். பட்டையைத் தூக்குங்கள், அணையும். மீண்டும் எரியவிட்டு, ஒரு செல்லைக் கழற்றி மாட்டுங்கள். இன்னொரு முறை எரியவிட்டு, பட்டைக்குப் போகும் கம்பியைப் பிடுங்குங்கள். என்ன நடக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, காகிதத்திலேயே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஒரே பொத்தான், ஒரு முறை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும், மறுமுறை அழுத்தினால் அணைய வேண்டும். என் மாணவர் ஒருவர் இப்படி எழுதினார்:

|——| பொத்தான் |——|/ விளக்கு |———( தா ) விளக்கு ——|

|——| பொத்தான் |——| விளக்கு |————( நீ ) விளக்கு ——|

விளக்கு அணைந்திருந்தால் தாழிடு, எரிந்துகொண்டிருந்தால் தாழ் நீக்கு. பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் அவர் எத்தனை முறை அழுத்தியும் விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. கரும்பலகையையும் சாக்பீஸ் மாணவனையும் அழைத்து ஒரே ஒரு சுற்று ஓடவிட்டுப் பாருங்கள், ஏன் என்று தெரிந்துவிடும்.